பாய்த்துணியில் வந்த மாமன்

வண்டியூர், மதுரை
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. இதழினி இப்போதுதான் கண்ணை மூடினாள். இடது கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன், கோடு நேராக வராது.

உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் சுகம். உன் மாப்ளைக்குக் கடையில் வேலை நெருக்குகிறது. அயித்தை முட்டிவலி என்று உட்கார்ந்தே இருக்கிறார்கள், என்னைத் திட்டுவதற்கு மட்டும் அந்த வலி குறுக்கே வருவதில்லை. பாப்பாவுக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. இன்னும் சரியாகக் குப்புற விழவில்லை. டாக்டர் பயப்பட வேண்டாம் என்கிறார். நான் பயப்படாமல் யார் பயப்படுவது?

சேதி என்னவென்றால், பாப்பாவுக்குக் காதுகுத்து. மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் காலையில், உசிலம்பட்டிப் பக்கம் இவர்கள் குலசாமி கோவிலில். அப்போது பதினோராம் மாதம். அதைத் தவறவிட்டால் மூணு வயசு வரை பொறுக்க வேண்டும் என்கிறார்கள் அயித்தை. நீ வந்து மடி கொடுக்க வேண்டும். கூடப்பிறந்த மாமன் நீ ஒருத்தன்தான். அம்மாவும் இல்லாத வீட்டிலிருந்து வந்தவள் நான், மாமன் மடியும் இல்லை என்றால் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

நீ வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் ஊர் ஊராகப் போய் வரையப்போகிறேன் என்று கிளம்பினபோது அய்யா சொன்னதை நான் மறக்கவில்லை. "அந்தக் கை ஒரு நா சோறு போடட்டும், அப்புறம் நம்ம எழுமலை வீட்டு வாசப்படி ஏறு." அதை மனதில் வைத்துக்கொண்டு இருந்துவிடாதே. இது என் வீட்டு விசேஷம்.

என் கல்யாணத்துக்கு நீ கொடுத்த படம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. ஊதாச் சோளக்காடு, சிவப்பு மலை, சிவப்பு ஆடு. "சிவப்பு ஆடு எந்தச் சந்தையிலம்மா விக்குது?" என்று கேட்காமல் அயித்தை காலைக் காபி குடிப்பதில்லை. தூக்கிப் பிடித்தால் பாப்பா ஆட்டைப் பார்ப்பதில்லை, உன் தூரிகைக் கோட்டைத்தான் தடவுகிறாள். எல்லாக் கோடும் வலது மேலிருந்து இடது கீழே, மேல்காற்றில் விழுகிற மழை மாதிரிச் சாய்ந்திருக்கும் அல்லவா, அதை. நீ மூலையில் பெயர் எழுதாவிட்டாலும் அந்தச் சாய்வை வைத்தே உன் படம் என்று சொல்லிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி
முனீஸ்வரி


மாண்ட்வி, கட்ச்
25 செப்டம்பர் 2024

பாசமுள்ள முனீசுக்கு,

நான் நல்லா இருக்கேன் ஆத்தா. தண்ணி கொஞ்சம் உப்புக் கரிக்குது, கம்பு ரொட்டி நம்ம கம்மங்கூழுக்குத் தங்கச்சி முறை. நீ, மாப்ள, பாப்பா, அயித்தை முட்டி, எல்லாம் சுகமா இருக்கணும்னு அழகரைக் கும்பிட்டுக்கிறேன்.

முதல்ல இதை வாங்கிக்க: என் மடி அங்க இருக்கும். பாப்பாவைத் தூக்குறதுக்கு முன்னாடி மாமன் உக்காந்திருப்பான். அயித்தைகிட்டச் சொல்லிரு.

அய்யா சொன்னதை நானும் மறக்கலை. அவர் மேல கோவமில்லை. வெயில்ல நின்னு சோறு போட்ட மனுசனுக்கு, நிழல்ல உக்காந்து சாயம் பூசுறவன் எப்படித் தெரிவான்?

நான் எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தேன்னு நீ கேக்கவே இல்லை, ஆனாலும் சொல்றேன். அந்தக் காலத்துல பிரெஞ்சு தேசத்து ஓவியர்கள் சில பேர் வெயிலைத் தேடித் தெற்கே போனாங்களாம். அந்த வெயில்ல அவங்களுக்குக் கலரே மாறிப் போச்சாம். நான் வெயில்லயே பொறந்தவன். அதனால வெள்ளையைத் தேடி வடக்கே வந்தேன். இங்க இருக்குற உப்பு வெளி மார்கழிக்குத்தான் காஞ்சு வெளுக்குமாம். அதுவரைக்கும் மாண்ட்வி ஆத்தோரத்துல மரக்கப்பல் கட்டுறதை வரையறேன். ஒவ்வொரு கப்பலும் உங்க தெப்பக்குளத்து நடு மண்டபம் உசரம். வெறும் விலா எலும்பா நிக்குறப்பப் பாக்கணும் நீ. சாயங்காலம் அந்த எலும்புக்குள்ள வெயில் நொழைஞ்சா கட்டை பச்சையா தெரியுது, நெழலு ஆரஞ்சா தெரியுது. தெரியுறதைத்தான் பூசுறேன்.

போன் வச்சுக்கலைன்னு திட்டாதே. போன் இருந்தா கை படம் புடிச்சுரும், கண்ணு சோம்பேறியாயிரும். அவசரம்னா நான் தங்கியிருக்கிற வீட்டுக்காரர் நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கேன். பேரு வேல்ஜி. வேல் இருக்குறதால நம்ம முருகன் ஆளுன்னே வச்சுக்க.

பாப்பா கன்னத்துல மாமன் முத்தம்.

அண்ணன்
அழகுபாண்டி


வண்டியூர்
21 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அயித்தைக்கும் உன் மாப்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். முட்டிக்காக நீ அழகரைக் கும்பிட்டுக்கொண்டது அயித்தைக்குப் பிடித்துப்போனது. நீ சுகமாக இருப்பாய் என்றே நம்புகிறேன்.

பாப்பாவுக்குப் போன வாரம் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினதில் செருப்பு ஒன்று வேறு, ஒன்று வேறாகப் போட்டுப் போயிருந்தேன். சாதாரணச் சளிதான். இப்போது தவழப் பார்க்கிறாள், பின்னால்தான் போகிறாள்.

சித்தப்பா மகன் வீரணன் தீபாவளிக்கு முன்னாலேயே சீனி மிட்டாயோடு வந்துவிட்டான். காதுகுத்துச் சேதி அவனுக்கு எட்டிவிட்டது. "அண்ணே எங்கேக்கா, இன்னும் கடலுக்குப் பச்சை அடிச்சிட்டிருக்கா?" என்றான்.

"ஆமா, மிச்சம் இருந்தா உனக்கும் அடிக்கும்" என்றேன்.

"சிரிக்காதக்கா. அது வரலைன்னா நான் இருக்கேன். நானும் மாமன் முறைதானே, என் மடி என்ன முள்ளா?"

அயித்தை உடனே, "அதானே, பங்காளி வீட்டுப் புள்ளையும் மாமன்தானே" என்றார்கள். முறைப்படி சரிதான். வீரணன் கெட்டவனும் இல்லை. ஆனால் நீ இருக்கும்போது அவன் மடியில் என் பிள்ளை உட்கார்ந்தால், "கூடப்பெறந்தவன் ஓடிப்போனான்" என்ற பேச்சு அவள் காதோடு சேர்ந்து வளரும். அய்யாவுக்கும் அதுதான் வலிக்கும், வாயால் சொல்ல மாட்டார்.

டிக்கெட் எடுத்துவிட்டாயா? எழுது.

முனீஸ்வரி


மாண்ட்வி
8 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா? பின்னால தவழ்றவதான் ஊரைச் சுத்துவா, மாமன் ரத்தம். நான் நல்ல சுகம். பிப்ரவரிக்கு டிக்கெட் எடுத்தாச்சு, வீரணன்கிட்டச் சொல்லு, மடியைத் தொடைச்சு உள்ள வைக்கட்டும்.

உனக்கு ஒரு பெருமையான சேதி. தீபாவளிக்கு மறுநா கப்பல் கட்டுற எடத்துலயே என் படங்களை வச்சேன். சுவர் கிடையாது, அதனால கட்டி முடிக்காத கப்பலோட விலா எலும்புலயே கயிறு கட்டித் தொங்க விட்டேன். இங்க பாய்மரத் துணி கெட்டியா கிடைக்குது, அதுலதான் இப்ப வரையறேன். தச்சு ஆளுக எல்லாரும் வந்தாங்க. வேலை விட்டு வீட்டுக்குப் போறவன் எவனாவது படம் பாக்க நிப்பானா? நின்னானுக. ஒருத்தன் மஞ்சள் கப்பல் எங்க இருக்குன்னு சிரிச்சான். பெரிய மேஸ்திரி மட்டும் சிரிக்கலை. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாரு, பக்கத்துல போனாரு, விலகிப் போனாரு. கடைசியா ஒண்ணு சொன்னாரு, வேல்ஜி எனக்குப் பிரிச்சுச் சொன்னாரு: "கலர் பொய். ஆனா இது மிதக்கும்."

படிச்ச படிப்பு, பாத்த வேலை, எதுலயும் எனக்கு இப்படி ஒரு சான்று கிடைக்கலை முனீசு.

நாளைக்குப் பெரிய கப்பலுக்குப் பக்கப் பலகை ஏத்துறாங்க. சாரத்துல ஏறி நின்னு கிட்டப் பாத்து வரையலாம்னு மேஸ்திரி விட்டிருக்காரு. வெயிலுக்கு முந்தி போகணும், முடிச்சுக்கிறேன்.

அழகுபாண்டி


வண்டியூர்
10 டிசம்பர் 2024

அண்ணே,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நவம்பரில் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கப்பல் படத்துச் சேதியைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். "கலர் பொய், ஆனா இது மிதக்கும்" என்பதை உன் மாப்ள கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை.

பொறுக்க முடியாமல் வேல்ஜிக்குப் போன் போட்டேன். அவர் இந்தியில் பேசினார், நான் இங்கிலீஷில் பேசினேன், இரண்டு பேரும் மாறி மாறி ஹலோ சொன்னோம். அப்போது பக்கத்து வீட்டு லலிதாம்பாள் அக்கா வந்தார்கள். அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் பேசுவது அவர்கள் பாஷை. "எங்க ஆளுங்க அந்தப் பக்கமிருந்து வந்தவங்கதானே, கொண்டா நான் பேசிப் பாக்குறேன்" என்று வாங்கினார்கள். பாதி அவருக்குப் புரிந்தது, பாதி இவர்களுக்குப் புரிந்தது, மிச்சத்துக்கு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு பிறந்த வீட்டுக்குப் போன் போட்ட மாதிரி அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

ஆனால் போனை வைத்ததும் பூரிப்பு இறங்கிவிட்டது.

"என்னக்கா சொன்னார்?"

"உங்க அண்ணன் நல்லா இருக்காராம். வெளியில போயிருக்காராம். சாப்புடுறாராம்."

"அப்புறம் ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"நல்லா இருக்கார்னு மூணு தடவை சொன்னார் முனீஸ்வரி. நல்லா இருக்கிற ஆளைப் பத்தி ஒரு தடவை சொன்னாப் போதாதா?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பாப்பாவும் தூங்குவதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. என்ன இருந்தாலும் எழுது. மறைக்காதே.

முனீஸ்வரி


மாண்ட்வி
27 டிசம்பர் 2024

முனீசு,

நல்லா இருக்கேன். நீ, பாப்பா, எல்லாரும் சுகமா?

கையெழுத்தைப் பாத்துச் சிரிக்காதே. உப்பு வெளியிலருந்து திரும்புற பஸ்ல எழுதுறேன், ரோடு மோசம்.

உப்பு வெளுத்திருச்சு. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஒண்ணும் இல்லை. அம்புட்டு வெள்ளையைப் பாத்தா எந்தப் பக்கம் தொடங்குறதுன்னு தெரியலை. சின்னப் புள்ளை மாதிரி முதல் கோட்டுலருந்து பழகணும் போல இருக்கு.

மாசிக்கு வர்றது இழுபறியா இருக்கு. இங்க வேலை முடியலை. ஏமாத்த மாட்டேன், ஏதாவது வழி பண்றேன்.

பாப்பா சம்மணம் போட்டு உக்காந்தா எத்தனை சாண் அகலம்? அளந்து எழுது. ஏன்னு கேக்காதே.

அழகு


வண்டியூர்
18 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் எழுத வேண்டிய அவசரம் என்ன? இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருக்கக் கூடாதா?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இழுபறி என்று நீ எழுதினதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. "அண்ணன் வாரேன்னு எழுதியிருக்கு" என்று பொய் சொன்னேன். பத்திரிகையில் தாய்மாமன் அழகுபாண்டி என்று அச்சடித்தாகிவிட்டது. கீழே வீரணன் பெயரையும் அயித்தை போடச் சொன்னார்கள். "ஒரு காப்புக்கு" என்றார்கள். மடிக்குக் காப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது?

பாப்பாவை அளக்கச் சொன்னாய். ஒன்றரைச் சாண், ஒரு இடத்தில் உட்கார்ந்தால். உட்காருவதில்லை. முன்னால் தவழ ஆரம்பித்துவிட்டாள், இப்போது யாராலும் பிடிக்க முடியவில்லை.

பொங்கலுக்கு அய்யா கரும்போடு வந்தார். இரண்டு நாள் இருந்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு கூடத்துக்குப் போனேன். நாற்காலியைப் படத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெல்லில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இது நம்ம மேக்காட்டுச் சோளம்தானே?" என்றார்.

"ஆமாய்யா."

"ஊதாவா அடிச்சிருக்கான்."

"ஆமாய்யா."

"கதிர் முத்துறப்போ ஒரு நேரம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வா அண்ணே.

முனீஸ்வரி


மாண்ட்வி
4 பிப்ரவரி 2025

முனீசு,

சுகம். சுகமா?

நான் வர முடியாது. என்ன ஏதுன்னு கேக்காதே, வந்து சொல்றேன்.

மடி குடுப்பேன்னு சொன்னேன். மடி வருது. லாரி பார்சல்ல ஒரு சுருள் அனுப்பியிருக்கேன். உங்க சனம் ஒத்துக்கிட்டா பாருங்க. ஒத்துக்கலைன்னா சண்டை போடாதே, வீரணன் உக்காரட்டும். அவனும் நல்ல பயதான்.

அய்யா அந்த ஊதாவைப் பத்திச் சொன்ன வரியை நான் எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது.

அழகு


வண்டியூர்
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மறுபடியும் நேரங்கெட்ட நேரம்தான். பாப்பா காதில் இரண்டு தங்கப் பொட்டோடு தூங்குகிறாள். புண் ஆறி வருகிறது, சீழ் இல்லை, ராத்திரி நாலு தரம் டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன். எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும். முழுவதும் படி.

சுருள் வந்த அன்று வீட்டில் நானும் பாப்பாவும் மட்டும்தான். கூடத்தில் தரையில் விரித்தேன். பாய்த்துணியில் நீ ஆளுயரத்துக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். பின்னால் கப்பலின் விலா எலும்பு. முகம் பச்சை, கழுத்து நீலம், வேட்டி மஞ்சள் கிழங்கு நிறம். இடது கை முழங்கால் மேல். வலது கை சிவப்புத் துண்டுக்கு அடியில் போயிருந்தது. நடுவில் மடி மட்டும் வெறுமையாக, சரியாக ஒன்றரைச் சாண். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பாப்பா தவழ்ந்து வந்து வழக்கம்போலக் கோட்டைத் தடவினாள். அவள் விரல் போன பக்கத்தைப் பார்த்தேன். சுவரில் இருந்த சோளக்காட்டைப் பார்த்தேன். மறுபடி உன்னைப் பார்த்தேன். மழை எதிர்ப்பக்கம் சாய்ந்து விழுந்தது அண்ணே. ஒரு கோடு இரண்டு கோடு இல்லை, எல்லாமே இடது மேலிருந்து வலது கீழே. உன் டிசம்பர் கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை என்று புரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் இடது கையால் வெற்றிலை நீட்டினாலே வாங்காத சனம் இது. இடது கையால் வரைந்த மடி என்று தெரிந்தால் பிள்ளையைப் பக்கத்திலேயே விட மாட்டார்கள். சுருட்டி மஞ்சள் துணியில் கட்டி வைத்துவிட்டேன். நீ ஏன் மறைத்தாய் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கோவிலில் காலையிலேயே கூட்டம். பாப்பாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. காது குத்துகிற தவசி ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, "மாமன் எங்கம்மா?" என்றார். வீரணன் சட்டையைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்தே விட்டான். நான் மஞ்சள் துணியை அவிழ்த்தேன்.

கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

"படத்துக்கு ஏதுத்தா மடி?"

"மாமன் மூஞ்சி என்ன கிளி மாதிரி இருக்கு?"

"இப்ப இதை எங்க மாட்டுறது, மரத்துலயா?"

அயித்தை என்னைப் பார்த்த பார்வையில் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உன் மாப்ள ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த அய்யா எழுந்து வந்தார். என் கையிலிருந்து துணியை வாங்கினார். இரண்டு கையாலும் விரித்து, தலை எது கால் எது என்று பார்த்துக்கொண்டார்.

"எந்திரி வீரணா. என் மகன் வந்துட்டான்."

அவ்வளவுதான் சொன்னார். வீரணன் எழுந்துவிட்டான். அய்யா மணையை ஓரமாக நகர்த்திவிட்டு, தரையைத் துண்டால் தட்டி, உன்னைக் கிழக்குப் பார்க்க விரித்தார். பாப்பாவை என் இடுப்பிலிருந்து வாங்கி உன் மடியில் வைத்தார். ஒன்றரைச் சாணுக்குள் அவள் கச்சிதமாக உட்கார்ந்தாள். எங்கேயும் ஒரு இடத்தில் உட்காராதவள், குனிந்து கோட்டைத் தடவ ஆரம்பித்தாள்.

தவசி ஆசாரிதான் தயங்கினார். "மடி சரி பெரியவரே. ஊசி பட்டா புள்ள துள்ளும். கையைப் புடிக்கிறது யாரு, படமா புடிக்கும்?"

வீரணன் உன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "மடி அண்ணே குடுக்கட்டும். கையை நான் குடுக்கிறேன்" என்று பாப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல்தான் சொன்னான். நான் பாப்பாவின் தலையைப் பிடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

முதல் காதுக்கு வீறிட்டாள். இரண்டாவது காதுக்கு உன் மடியை நனைத்துவிட்டாள். கூட்டம் முழுவதும் சிரித்தது. அய்யா தன் தோள் துண்டால் உன் வேட்டியைத் துடைத்துவிட்டு, "மாமன் மடின்னா நனையத்தானே செய்யும்" என்றார். சாயம் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. அயித்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, உன் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார்கள்: "அழகர் பச்சை கட்டி ஆத்துல எறங்குனா நாடு செழிக்கும்னு சொல்றோம்ல. எங்க பேத்திக்கு மாமன் பச்சையா வந்திருக்காரு."

வேனில் திரும்பும்போது அய்யா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சுருள் அவர் மடியில் இருந்தது. செல்லம்பட்டி தாண்டினதும் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"பீச்சாங்கையால வரைஞ்சிருக்கான்."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உங்க வீட்டுப் படத்தைப் பொங்கலுக்குப் பாத்தேன்ல. இது எதிர்த்தாப்புல சாயுது. நம்ம பேயாண்டி எடது கைக்காரன், அவன் அறுத்த பாத்தியில மட்டும் நெல்லுத் தாள் மாறிச் சாஞ்சு கெடக்கும். அது மாதிரி."

"விரிச்சப்பவே தெரிஞ்சிருச்சாய்யா?"

"தெரிஞ்சது."

"தெரிஞ்சுமா பாப்பாவை வச்சீங்க?"

"நல்ல காரியத்துக்கு எடது கை ஆகாதும்பாக. எம் மகன்கிட்ட ஆகாத கைன்னு எது இருக்கு?"

அதற்குப் பிறகு உசிலம்பட்டி ரோட்டுப் புளியமரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். நாகமலை தெரிந்தபோது என் பக்கம் திரும்பினார். "அந்தக் கை சோறு போடாதுன்னு சொல்லிட்டேன். ஒரு கை விழுந்தா மறு கையில எடுத்துட்டான் பாரு. வாசப்படி ஏற எந்தக் கையும் வேணாம், காலு போதும்னு எழுது."

எழுதிவிட்டேன்.

நேற்று நான் கேட்டுக்கொண்டபடி லலிதாம்பாள் அக்கா வேல்ஜிக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், வலது கைதானே என்று. அப்புறம் அவர் எல்லாம் சொல்லிவிட்டார். சாரத்தில் நீ நின்றபோது பலகை சரிந்தது, பூஜ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், விரல்கள் இன்னும் மடங்காதது, கட்டிலில் படுத்துக்கொண்டே கரிக்கட்டியை இடது கையில் பிடித்து நீ பழகினது. தச்சு மேஸ்திரி தினமும் வந்து பார்த்தாராம், நீ உன்னையே பார்த்து வரையக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து நின்றதும் அவர்தானாம். உன் மேல் சத்தியம் வாங்கியிருந்தாயாம், பாவம் வேல்ஜி, சொல்லி முடித்ததும் அவருக்குத்தான் நிம்மதி.

வலிக்கிறதா அண்ணே? ராத்திரியில் தூங்குகிறாயா? யார் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார்கள்? உன் மாப்ள பூஜ் போக ரயில் டிக்கெட் பார்க்கிறார், அய்யாவும் வருகிறேன் என்கிறார். அவர் மதுரையைத் தாண்டினதில்லை, உப்பு வெளியைப் பார்த்து என்ன சொல்லப்போகிறாரோ.

உன்னைக் கூடத்தில் சோளக்காட்டுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆணி அடிக்கச் சொன்னது அயித்தை. வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "இவருதான் எங்க பேத்திக்கு மடி குடுத்தவரு" என்று காட்டுகிறார்கள். சிவப்பு ஆட்டைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒரு சுவரில் மழை இப்படிச் சாய்கிறது, எதிர்ச் சுவரில் அப்படிச் சாய்கிறது, நடுவில் பாப்பா தவழ்கிறாள். இரண்டும் என் அண்ணன் பெய்த மழை என்று நினைக்கும்போது, அண்ணே, எனக்கு வேறு எந்தச் சீரும் வேண்டியதில்லை.

உன் தங்கச்சி
முனீஸ்வரி

பி.கு: எழுதக் கை வரவில்லை என்றால் ஒரே ஒரு கோடு இழுத்து அனுப்பு. சாய்வைப் பார்த்து மிச்சத்தை நான் படித்துக்கொள்வேன். சீக்கிரம் பதில் போடு.